தண்ணி கேட்டானா

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கம்மா. எனக்குக் காத்து அடிச்சா மூக்கு அடைச்சுக்கும். புதுசா கல்யாணமா? கயிறு இன்னும் மஞ்சளா இருக்கே, அதான் கேட்டேன். அவரு வரலியா? தனியாத்தான் அம்மா வீட்டுக்குப் போறியா. சரி சரி.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உங்க வீட்டுக்காரர் பேசுவாரா? சிரிக்காதம்மா, நெசமாத்தான் கேக்கறேன். வேலைய விட்டு வந்தா, இன்னைக்கு இப்படி நடந்துச்சு, அவன் அப்படிச் சொன்னான், நான் இப்படிச் சொன்னேன்னு உங்கிட்டப் பேசுவாரா? பேசுவாரா! அப்ப நீ குடுத்து வச்சவ.

எங்க வீட்டுக்காரர் டிரைவர். இதே ஏழாம் நம்பர்தான். அவருக்குக் காலை ஷிப்டு, இப்ப ஓட்டுறவரு வேற ஆளு. அதனாலதான் மத்தியான பஸ்ஸாப் பாத்து ஏறுனேன். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரு எங்கிட்டப் பேசுனதையெல்லாம் சேத்து வச்சா ஒரு பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிடலாம். "சோறு." "சட்டை எங்க." "வரேன்." அவ்வளவுதான். நல்ல மனுஷன்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டுனது கிடையாது. ஆனா செவுத்துகிட்டப் பேசுற மாதிரி ஒருத்தி எத்தன காலம் பேசுறது? நானே பேசி, நானே பதிலும் சொல்லிக்குவேன். எங்க பொண்ணு யாழினி கிண்டல் பண்ணுவா, "அம்மா, நீ ரேடியோ, அப்பா கேக்குற ஆளு"ன்னு. கேக்குற ஆளுன்னு அவ சொல்றா. கேட்டாரா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?

சரி, அது ஒரு மாதிரி ஓடிட்டுதான் இருந்துச்சு. போன ஐப்பசியிலதான் எல்லாம் தலைகீழாப் போச்சு.

வேப்பங்குளம் தாண்டுனதும் செங்கச்சூளைகிட்ட ஒரு வளைவு வரும். மழை தூறிட்டு இருந்துச்சாம். மண்ரோட்டுலேருந்து ஒரு பையன் பைக்குல சர்ருன்னு வந்து நேரா பஸ்ஸு முன்னாடி ஏறிட்டான். இவரு பிரேக்க அழுத்தி ஒடிச்சதுல பஸ்ஸு ரோட்ட விட்டே கீழ எறங்கிருச்சு. அப்பவும் அடிபட்டுருச்சு. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. போலீஸே அப்படித்தான் எழுதுனாங்க. டிப்போவுல விசாரணை வச்சாங்க, அதுலயும் அப்படித்தான். தப்பு இல்ல. இல்லவே இல்ல. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். பையன் காலேஜு படிச்சவன். அகிலனோ என்னமோ பேரு.

அன்னைக்குச் சாயங்காலம் கண்டக்டர் முஸ்தபா அண்ணன்தான் இவர ஆட்டோவுல கூட்டிட்டு வந்து விட்டாரு. காக்கிச் சட்டை முன்பக்கம் பூரா ரத்தம். வாசல்லயே நின்னாரு, உள்ள வரல. என்னப் பாத்து, "தேனு, அந்தப் பையன்…"னு ஆரம்பிச்சாரு. தேன்மொழி என் பேரு, அவரு தேனும்பாரு. நான் ஓடிப் போய் அவரு வாயப் பொத்திட்டேன். "ஒண்ணும் சொல்லாதீங்க. பொண்ணு உள்ள படிச்சுட்டு இருக்கா, பப்ளிக் எக்ஸாம் வருது. நேராப் போய்க் குளிங்க"ன்னேன். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? அதைத்தான பண்ணியிருப்ப?

அந்தச் சட்டைய ஊற வச்சு, உப்புப் போட்டு, அலசு அலசுன்னு அலசி, ஒரு பொட்டு கறை தெரியாமப் பண்ணிட்டேன். மறுநாள் கொடியில கெடந்தப்ப புதுசு மாதிரி இருந்துச்சு. அதை அவரு திரும்பப் போடவே இல்லங்கறது வேற விஷயம்.

ரெண்டு நாள் கழிச்சு யூனியன்காரர் ஒருத்தரு வீட்டுக்கு வந்தாரு. வெவரமான ஆளு. "பையன் அந்த எடத்துலயே முடிஞ்சுட்டான்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். பேசப் பேசத்தான் கேஸு நீளும்"னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. அப்புறம் ஒரு தடவ சாப்பிட உக்காந்தப்ப இவரு வாயத் தொறக்க வந்தாரு. நான் கண்டிசனாச் சொல்லிட்டேன், "நடந்தது நடந்து போச்சு. அதையே பேசிட்டு இருந்தா மனசு கெட்டுப் போகும். இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே கூடாது"ன்னு. அவரும் அதுக்கப்புறம் பேசல. அதை மட்டுமா, எதையுமே பேசல. சோறுன்னு கேக்குறதக்கூட விட்டுட்டாரு. தட்ட எடுத்துட்டு வந்து உக்காந்துக்குவாரு. நான் பாத்துப் போட்டாத்தான் உண்டு.

விசாரணை முடிஞ்சு திரும்ப டூட்டி குடுத்தாங்க. வேற ரூட்டு கேளுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டா எல்லாரும் என்ன நெனைப்பாங்க, தப்பு இருந்ததாலதான் மாறிட்டான்னு நெனைப்பாங்கன்னு அவரு யோசிச்சிருக்கலாம். அவரு என்ன யோசிச்சாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதே ஏழாம் நம்பர்லயே போய் உக்காந்துட்டாரு.

தையில ஒரு நாள் கடைத்தெருவுல முஸ்தபா அண்ணனப் பாத்தேன். என்னப் பாத்துட்டு அந்தப் பக்கம் போனவரு திரும்பி வந்தாரு.

"தங்கச்சி, சொல்றதா வேணாமான்னு தெரியல. அந்தப் பையனோட அம்மா தினமும் நம்ம பஸ்ல வருது."

"எதுக்கு வருது?"

"எதுக்கும் இல்ல. மேலக்காட்டுல ஏறும். இடது பக்கம் மொத சீட்டு, அங்க உக்காந்தா டிரைவர் மொகம் நல்லாத் தெரியும்ல. டவுன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரும். எறங்காது. அதே பஸ்ல திரும்பி வந்து மேலக்காட்டுல எறங்கிப் போயிரும்."

"என்ன பேசுது?"

"ஒண்ணும் பேசல. இளங்கோவன் மொகத்தையே பாத்துட்டு வரும். அவனும் ஒண்ணும் பேசல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ்ஸுன்னு விட்டாங்க, இதுக்குத்தான் விட்டாங்களான்னு கோவம் வந்துச்சு. பிள்ளையப் பறிகொடுத்தவ, நான் இல்லேங்கல. என் வயித்துலயும் ஒண்ணு பொறந்திருக்கு, எனக்குத் தெரியாதா? ஆனா தினமும் வந்து ஒரு மனுஷன் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தா அவன் எப்படி வண்டி ஓட்டுவான்? இது பழி வாங்குறது இல்லாம என்ன?

வீட்டுக்கு வந்து இவருகிட்ட சும்மா கேக்குற மாதிரி, "பஸ்ல கூட்டமெல்லாம் எப்படி?"ன்னேன். "இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொன்னாரு முஸ்தபா அண்ணன், அதைக் கேட்டுத்தான் எனக்குப் பத்திக்கிச்சு. அந்தம்மா வர லேட்டாச்சுன்னா இவரு மேலக்காடு ஸ்டாப்புல பஸ்ஸ நிறுத்தி ஹாரன் அடிக்கிறாராம். ஜனங்க முணுமுணுத்தாலும் எடுக்குறதில்லியாம். என்ன அநியாயம் பாரு! எங்க அக்கா மக கல்யாணத்தன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல பூ வாங்கிட்டு நிக்கிறேன், டயமாயிருச்சுன்னு என்னை விட்டுட்டு பஸ்ஸ எடுத்துட்டுப் போன மனுஷன் இவரு! பொண்டாட்டிக்கு நிக்காத பஸ்ஸு, யாரோ ஒருத்திக்கு நிக்குது.

மாசி வரைக்கும் பொறுத்தேன். இவரு மெலிஞ்சுட்டே போறாரு. ஒரு நாள் முந்துன பஸ்ல ஏறி மேலக்காட்டுல போய் எறங்கி நின்னுட்டேன். ஏழாம் நம்பர் டவுனுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. கண்ணாடி வழியா இவரு என்னப் பாத்துட்டாரு. பாத்த மாதிரியே காட்டிக்கல. அந்தம்மா எறங்குச்சு. நான் என்னமோ பெரிய ஆளா, தலையெல்லாம் விரிச்சுப் போட்டுட்டு வர்ற மாதிரி நெனச்சு வச்சிருந்தேன். என்ன விட ஒல்லி. தலைய நல்லாப் படிய வாரி, துவைச்ச சேலை கட்டி, வேலைக்குப் போறவ மாதிரி இருந்தா.

பஸ்ஸு போன பிற்பாடு நிழல்கொடைக்குள்ள கூட்டிட்டுப் போய், "நான் டிரைவர் சம்சாரம்"ன்னேன்.

"தெரியுங்க"ன்னா. "ஃபோட்டோவுல பாத்திருக்கேன். ஸ்டியரிங்குக்கு மேல ஒட்டியிருக்காரே."

என் ஃபோட்டோவ ஒட்டியிருக்காரா? எனக்கே தெரியாது. சரி, அதை விடு.

"உங்களுக்கு என்ன வேணும்? எதுக்கு எம்புருஷன இப்படிப் போட்டு வதைக்கிறீங்க? அவரு மேல தப்பில்லன்னு எல்லாரும் சொல்லியாச்சு"ன்னேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போச்சு.

"தப்புன்னு நான் சொல்லலீங்களே. எம்பிள்ளைதான் வேகமா வந்தான். அவன் எப்பவும் அப்படித்தான்"ன்னா.

"அப்புறம் எதுக்கு தினமும்?"

"ஒண்ணு கேக்கணும்னுதாங்க ஏறுறேன். இன்னைக்குக் கேட்டுரணும், இன்னைக்குக் கேட்டுரணும்னு. அவரு மொகத்தப் பாத்தா கேக்க வாய் வரல. திரும்பி எறங்கிடறேன்."

"எங்கிட்டக் கேளுங்க. நான் சொல்றேன்."

"எம்பிள்ள தண்ணி கேட்டானா? கேட்டிருந்தா யாராச்சும் குடுத்தாங்களா?"

இதுதாம்மா. இத்தன நாளும் இதுக்குத்தான் ஏறியிருக்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா நான் என்ன சொல்ல முடியும்? பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ, யூனியன்காரர் என்ன சொன்னாரோ, அதைத்தான சொல்ல முடியும்? "கேக்கலம்மா. கேக்க நேரமே இல்ல. அந்த எடத்துலயே முடிஞ்சிருச்சு. வலிகூடத் தெரிஞ்சிருக்காது"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு தாய்க்கு அதுல ஒரு ஆறுதல் இருக்கும்ல?

அவ தலைய ஆட்டுனா. "சரிங்க"ன்னா. "ஒரு வாய் தண்ணி இல்லாமத்தான் போனான்"ன்னு அவளுக்கு அவளே சொல்லிக்கிட்டு நடந்து போயிட்டா. பேர்கூட அப்பத்தான் கேட்டேன், பின்னாடியே கூப்புட்டு. அஞ்சலைன்னா.

மறுநாள்லேருந்து அவ வரல. நான் நெனச்சேன், பாரு, பேசித் தீத்துட்டோம்னு. கேசரிகூடக் கிண்டுனேன் அன்னைக்கு.

கொஞ்சம் இரு. இதான் அந்த வளைவு. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். போனதும் சொல்லு. போயிருச்சா? சரி.

இவரு தினமும் மேலக்காட்டுல நிறுத்தி ஹாரன் அடிச்சிருக்காரு. அவ வரல. அன்னைக்கு நான் அங்க நின்னதப் பாத்தவரு, வீட்டுக்கு வந்து ஏன் நின்ன, எதுக்கு நின்னன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லியா? கேக்கல. ஒரு வாரம் போல ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, அப்புறந்தான் ஒரு நாள் அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு.

"அவங்ககிட்ட என்ன சொன்ன?"

மாசக்கணக்குல மொத தடவையா ஒரு முழு கேள்வி. நான் கரண்டிய வச்சுட்டு, நடந்தத அப்படியே சொன்னேன். தண்ணி கேட்டானான்னு கேட்டா, கேக்கலன்னு சொன்னேன், அவளும் சமாதானமாப் போயிட்டான்னு.

அவரு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. உக்காந்தாரா விழுந்தாரான்னு தெரியல.

"கேட்டான்"னாரு. "கேட்டான் தேனு. என் மடியிலதான் தலை இருந்துச்சு. அண்ணே தண்ணின்னு கேட்டான். என் பாட்டில்லேருந்து நாந்தான் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சான்."

"அய்யோ, அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட?"

பாத்தியா, பழி எங்க வந்து விழுதுன்னு! நான் சொல்ல விடலியாம்.

அப்புறம் சொன்னாரு, அழுதுட்டே சொன்னாரு, இருபது வருஷத்துல நான் பாக்காத அழுகை. ஆம்புலன்ஸ்ல வந்த ஆளு பாட்டிலப் பாத்துட்டு, "தண்ணியா குடுத்தீங்க? அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுண்ணே"ன்னு சொன்னானாம். ஏத்துறதுக்குள்ளயே பையன் போயிட்டான். "நாந்தான் கொன்னுட்டேன்போல. பஸ்ஸு கொல்லல, தண்ணி குடுத்து நான் கொன்னுட்டேன்"னாரு. அந்தம்மா எதுக்கு வராங்கன்னு அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கேப்பாங்க, கேட்டா ஒளிக்காமச் சொல்லிரணும்னு காத்துட்டு இருந்திருக்காரு. பயந்துட்டும் இருந்திருக்காரு. ரெண்டும்.

எனக்கு வந்த பதட்டத்துல என்ன பேசுறோம்னு தெரியுமா? "அப்படின்னா இப்பவாவது யாருகிட்டயும் வாயத் தொறந்துராதீங்க. முடிஞ்ச கேஸத் திரும்பக் கெளப்பிருவாங்க"ன்னேன். குடும்பத்த நெனச்சுத்தான சொல்றேன்!

அவரு என்னப் பாத்தாரு. அந்தப் பார்வைய எப்படிச் சொல்றது. கோவம் இல்ல. கோவமா இருந்திருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். பஸ்ல ஏறுற யாரோ ஒருத்தரப் பாக்குற மாதிரி பாத்தாரு. எந்திரிச்சு முன் ரூமுக்குப் பாயத் தூக்கிட்டுப் போனாரு. மறுநாள் டூட்டிக்குப் போகல. அதுக்கடுத்த நாளும் போகல. மெடிக்கல் லீவு. முஸ்தபா அண்ணன் வந்து பேசிப் பாத்தாரு, யாழினி அழுது பாத்தா. செவுத்தப் பாத்து படுத்துட்டாரு. ஸ்டியரிங்கத் தொட முடியாதுன்னு முஸ்தபா அண்ணன்கிட்டதான் சொல்லியிருக்காரு. எங்கிட்ட இல்ல.

கடைசியில யாரு போனா? நாந்தான் போனேன். யாரு பேசிக் கெடுத்தாளோ அவளே போய்ச் சரி பண்ணுன்னு யாரும் சொல்லல, ஆனா ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் அதுதான் எழுதியிருந்துச்சு.

அஞ்சலை வாசல்ல உக்காந்து கடலை உடைச்சுட்டு இருந்தா. கழுத்தெலும்பெல்லாம் தெரியுது, அன்னைக்குப் பாத்ததுல பாதியா இருந்தா. நான் பக்கத்துல உக்காந்து ஒரே மூச்சுல சொன்னேன், "உங்க பிள்ள தண்ணி கேட்டிருக்கான். எங்க வீட்டுக்காரரு குடுத்திருக்காரு. குடிச்சிருக்கான்"னு. கைய எடுத்துக் கும்புடுவான்னு நெனச்சேன்.

அவ உடைச்ச கடலைய மொறத்துல போட்டா. "அன்னைக்குக் கேக்கலன்னீங்க. இன்னைக்குக் கேட்டாங்கறீங்க. அவரு லீவுல இருக்காருன்னு சொன்னாங்க. அவர வேலைக்கு அனுப்பறதுக்காகச் சொல்றீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இருந்தவர வந்து சொல்லச் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு! வேல மெனக்கெட்டு, வெயில்ல வந்து, ஒரு நல்ல சேதி சொன்னா என்ன பொய்க்காரி ஆக்குறா. ஆனா என்ன பண்றது. வீட்டுக்கு வந்து, செவுத்தப் பாத்துப் படுத்திருந்தவரு முதுகுகிட்ட சொன்னேன், "அஞ்சலை உங்கள வரச் சொன்னாங்க. நீங்க வாயால சொல்லணுமாம்."

சொல்லி முடிக்கல, எந்திரிச்சுட்டாரு. குளிச்சாரு, சவரம் பண்ணாரு, வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டாரு. நான் பத்து நாளா எந்திரிங்க எந்திரிங்கன்னு கத்துனதுக்கு அசையாத மனுஷன்.

ரெண்டு பேரும்தான் போனோம். அவ வாசல்லயே நின்னா. "வாங்க"ன்னு இவரக் கூப்புட்டா. நானும் பின்னாடி நொழையப் போனேன். இவரு திரும்பி, "நீ இங்கயே இரு"ன்னாரு. கேட்டியா? கட்டுன பொண்டாட்டிய வெளிய நிக்கச் சொல்லிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. சாத்தல, ஒருக்களிச்சு வச்சாரு. ரெண்டும் ஒண்ணுதான்.

நான் ஒரு கல்லு மேல உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கொழாயில தண்ணி புடிச்சுட்டு, நீங்க யாருங்கறா, என்ன விசேஷங்கறா. உள்ள இவரு குரல் கேக்குது. வார்த்தை ஒண்ணும் புரியல. ஆனா நிக்காமக் கேக்குது. தண்ணி ஓடுற மாதிரி, விடாம. இவ்வளவு பேசத் தெரியுமா இவருக்கு? இருபது வருஷமா இந்தப் பேச்செல்லாம் எங்க வச்சிருந்தாரு? நடுவுல அஞ்சலை ஒரு தடவ ஓன்னு கத்துனா. நான் எந்திரிச்சுட்டேன். அப்புறம் திரும்ப இவரு குரல்.

வெளிய வர்றதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இவரு கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. அஞ்சலை இவருகிட்ட, "அந்த ஆம்புலன்ஸ்காரன் என்ன வேணாச் சொல்லட்டுங்க. எம்பிள்ள கேட்டான், நீங்க குடுத்தீங்க. அவன் தாகத்தோட போகல. எனக்கு அது போதும்"னா. என் கையையும் புடிச்சா. "நல்லாருங்க"ன்னா. கை சொரசொரன்னு இருந்துச்சு.

பஸ்ல திரும்பி வர்றப்ப இவரு ஜன்னலப் பாத்துட்டே வந்தாரு. நானும் எதாவது சொல்லுவாரு, வீடு வரட்டும்னு சொல்லுவாருன்னு பாத்துட்டே வந்தேன். வீடும் வந்துச்சு.

மறுவாரம் டூட்டியில சேந்துட்டாரு. நல்லாச் சாப்புடறாரு. ரசம் இன்னொரு கரண்டி ஊத்துங்கறாரு. யாழினிகிட்ட ரிசல்ட் எப்பன்னு கேக்கறாரு. பாயும் உள்ள வந்துருச்சு. படுத்தா குறட்டை. எல்லாரும் சொல்றாங்க, இளங்கோவன் பழையபடி ஆயிட்டான்னு. எனக்கும் சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா அந்த ஒரு மணி நேரமும் என்ன பேசுனாரு? தண்ணி குடுத்தேன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதாதா? மீதி என்ன? அந்தப் பையன் வேற என்ன சொன்னான்? இவரு என்ன சொன்னாரு? எனக்குத் தெரிய வேணாமா?

முஸ்தபா அண்ணன்கிட்டக் கேட்டேன். "நான் உள்ள ஜனங்கள எறக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. அவன் முதுகுதான் தெரிஞ்சுச்சு"ன்னுட்டாரு.

சரின்னு போன ஞாயித்துக்கெழம, மனசு நல்லாருக்குற நேரமாப் பாத்து, இவருகிட்டயே கேட்டேன். நகம் வெட்டிட்டு இருந்தாரு. "ஏங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு? எங்கிட்டயும் சொல்லுங்களேன்"னேன். கெஞ்சுற மாதிரிதான் கேட்டேன். நிமுந்து பாத்தாரு. கோவமே இல்ல, நல்ல குரல்லதான் சொன்னாரு.

"அதெல்லாம் சொல்லி முடிச்சுட்டேன் தேனு."

"யாருகிட்ட?"

"சொல்ல வேண்டியவங்ககிட்ட."

"அப்ப நான்?"

"இன்னொரு தடவ சொல்ல எங்கிட்டத் தெம்பு இல்ல"ன்னாரு. திரும்ப நகம் வெட்ட ஆரம்பிச்சுட்டாரு.

நீயே சொல்லும்மா. அவரு எதிர்க்கச் சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். இதுக்கு என்ன குடுக்குறது? சட்டையத் தொவைச்சவ நானு. கேஸு வராமக் காப்பாத்துனவ நானு. அவகிட்டக் கூட்டிட்டுப் போனதும் நானு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டவ அவ. இப்ப அவ நிம்மதியாத் தூங்குறா, இவரும் தூங்குறாரு. நான் உத்தரத்தப் பாத்துட்டுப் படுத்திருக்கேன், அந்தப் பையன் மொகம் எப்படி இருந்திருக்கும்னு. அகிலன்தான் பேரு. அகிலன்.

மேலக்காட்டுக்குத்தான் போறேன். அஞ்சலையப் பாக்க. எம்புருஷன் அன்னைக்கு என்ன சொன்னாருன்னு அவகிட்டதான கேக்கணும்? வேற யாருகிட்டக் கேக்குறது? நேத்தும் போனேன். வாசல்ல உக்காந்து கடலை வெலை, மழை, வெயிலுன்னு என்னென்னமோ பேசுனேன். இதைக் கேக்க மட்டும் வாய் வரல. திரும்பி வந்துட்டேன்.

இன்னைக்குக் கேட்டுரணும்.